எல்லோருக்கும் பின்னால் நடந்தவர்

அவர் வேகமாகப் போய் நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

மலாக்காவில் எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழா. யாரோ நேர்ந்துகொண்டு வந்த ஆடு கயிற்றை உருவிக்கொண்டு காஜா பேராங் சாலையில் ஓட ஆரம்பித்தது. பின்னால் ஆறேழு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆடு சைக்கிள் கடைக்குள் புகுந்தது, ஒரு சக்கரத்தைத் தள்ளிவிட்டு மறுபடி சாலைக்கு வந்தது. அந்த நேரத்தில் சந்துக்குள்ளிருந்து அவர் வந்தார். பெரிய உடம்பு. சாரோங்கை ஒரு கையால் முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தார். நாலு எட்டில் சாலையைக் கடந்து ஆட்டுக்கு முன்னால் போய் நின்று கொம்பைப் பிடித்தார். ஆடு நின்றுவிட்டது. ஓடிவந்த ஆண்கள் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவர் ஆட்டை ஒப்படைத்துவிட்டுச் சாரோங்கை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆடி அசைந்து கோயிலுக்குத் திரும்பினார்.

நான் திகைத்து நின்றதற்குக் காரணம் ஆடு அல்ல. அதற்கு முன் நாலைந்து மாதமாக, ஒவ்வொரு ஞாயிறும், எங்கள் நடைக் கூட்டத்தில் அவர்தான் கடைசி ஆள். மேடு வந்தால் நிற்பார். நிழல் வந்தால் நிற்பார். அவருக்காகக் காத்திருந்தே எங்கள் காலை கழியும். அவரால் முடியவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மறுநாள் கேட்டேன். "பீபி, இவ்வளவு வேகமா ஓடுவீங்களா?"

"எப்போ?"

"நேத்து, ஆட்டைப் பிடிச்சப்போ."

"ஆடு ஓடிச்சு, அதனால ஓடினேன்," என்று சொல்லிவிட்டு மிளகாய் இடிப்பதைத் தொடர்ந்தார்.

பீபி என்பது அவர் பெயர் அல்ல. அவர்கள் வீட்டு வழக்கில் அத்தை, பெரியம்மா என்கிற மாதிரி ஒரு சொல். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் மலாக்கா செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டிக்காரர். எங்கள் தாத்தா கப்பலேறி வந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர்களோ எப்போது வந்தார்கள் என்பதையே மறந்துபோகிற அளவுக்குப் பழைய மலாக்காக்காரர்கள். நெற்றியில் விபூதி, வீட்டுக்குள் சாமி மாடம், உடுத்துவது சாரோங்கும் கெபாயா ரவிக்கையும், பேசுவது மலாய். தம்பி, தங்கச்சி, அண்ணே என்று சில தமிழ்ச் சொற்கள் அதில் மிதக்கும். இங்கே அவர் பேச்சாக நான் எழுதுவதெல்லாம் மலாயில் சொன்னவை. எங்கள் அம்மாவுக்கும் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் நன்றாக வரும் என்பதால் இரண்டு பேருக்கும் இடையில் மொழி ஒரு தடையாக இருந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடையைத் தொடங்கியவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் என்பதால் என்னிடம் ஒரு வரைபடமும் நிறைய உற்சாகமும் இருந்தன. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வரப்போகிற நாட்டை முதலில் காலால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டைக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் நாட்டில் இன்னும் இருந்தது என்றாலும், எங்கள் கரையோரப் பக்கத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவித்து ஊரடங்கையும் கெடுபிடியையும் எடுத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மரங்கள் இருக்கும் பக்கம் போகலாம், சோறு கட்டிக்கொண்டு போகலாம், யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். அதை அனுபவிக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது தப்பு என்று நினைத்தேன்.

பெரிய மலை எதுவும் இல்லை. புக்கிட் சீனாவின் சமாதிகளுக்கு நடுவே ஏறி ஊரைப் பார்ப்பது, பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்து வயல் வரப்புகளில் நடந்து ரப்பர் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது, இப்படி. காலையில் போய்ப் பிற்பகலில் வந்துவிடலாம். முதல் வாரம் நாங்கள் ஐந்து பையன்கள் போனோம். இரண்டாவது வாரம் சாலை முனையில் பீபி நின்றிருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் நாலு அடுக்குத் தூக்கு.

"எங்கே போறீங்க?"

"புக்கிட் சீனாவுக்கு."

"சரி, நடங்க. நான் பின்னால வர்றேன்."

அவ்வளவுதான். யாரும் அழைக்கவில்லை. அடுத்த வாரம் அவரோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஆஸ்துமாக்காரக் கொல்லர் ஒருவர் வந்தார். நான் மணிக்கணக்குப் போட்டு வைத்த திட்டங்களெல்லாம் ஒரு மாதத்துக்குள் பாழாகிவிட்டன.

மெதுவாக நடப்பதில் அவருக்கு இருந்த சாமர்த்தியம் எனக்குப் புரிய நாள் பிடித்தது. கொல்லருக்கு மூச்சு இழுக்கிறது என்று வையுங்கள். அவர் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு இழுத்து இழுத்து நடப்பார். அவர் நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் பீபியின் செருப்பு வார் கழன்றுவிடும். "இருங்க, இருங்க," என்று குரல் வரும். எல்லோரும் நிற்போம். கொல்லர் நிம்மதியாக மூச்சு விடுவார். இன்னொரு தடவை கொண்டையில் குத்திய ஊசி நழுவிவிடும். இன்னொரு தடவை குடைக்குள் எறும்பு. நாங்கள் அவரைப் பார்த்துத்தான் சிரித்தோம். கொல்லரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பீபி இருக்கும்வரை வேறு எவரும் கடைசி ஆளாக முடியாது. அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

எங்கள் கூட்டத்தில் மணி என்று ஒருவன். பள்ளியில் ஓட்டப் பந்தயக்காரன். மேலே போய் ஒரு கல்லறை மேடையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு கத்துவான்.

"பீபி, நீங்க வர்றதுக்குள்ள மெர்டேக்கா வந்துடும் போலிருக்கு."

"வரட்டும். வழியில பார்த்தா நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

"அதுவரைக்கும் நாங்க என்ன செய்யறது?"

"நீ மேலேர்ந்து கீழே வா. மறுபடி ஏறு. உனக்குத்தான் கால் அரிக்குதே."

அவன் நிஜமாகவே இறங்கி வருவான். தூக்கு அவன் கைக்கு மாறிவிடும்.

இப்போது நான் கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பீபி தன் தம்பி குடும்பத்தோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். இங்கே யாராவது தலைமை தாங்குவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முன்னால் நடப்பவரைப் பற்றியே சொல்கிறார்கள். எனக்கு மட்டும் வரிசையின் அந்தக் கோடியில் ஒரு கறுப்புக் குடை தெரிகிறது.

அம்மா வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருக்கும். யானைக்கால். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் வந்தது. அப்பாவுக்கு நகரசபையில் சாலை வேலை கிடைத்து நாங்கள் காஜா பேராங்குக்கு வந்த பிறகு அம்மா வீட்டை விட்டுப் போனது கோயிலுக்கும் குழாயடிக்கும் மட்டும்தான். கோயிலுக்கும் கூட்டம் இல்லாத நேரத்தில் போவார். காலை ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று, இனி குறையாது என்று சொல்லிவிட்டார்கள். நடந்தால் கெடுதல் இல்லை, உட்கார்ந்தே இருந்தால்தான் கெடுதல் என்றும் சொன்னார்கள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு விடியற்காலையில் பீபி எங்கள் வாசலில் நின்றார்.

"பசியாறியாச்சா, தங்கச்சி?"

"ஆச்சு பீபி. உள்ள வாங்க."

"உள்ள வர நேரமில்ல. கிளம்பு. இந்தப் பசங்க என்னை விட்டுட்டுப் போயிடறாங்க. எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்."

அம்மா சிரித்தார். "நான் எங்க பீபி நடக்கிறது? என் காலைத்தான் பார்த்திருக்கீங்களே."

"பார்த்ததாலதான் கேக்கிறேன். வேகமா நடக்கிறவங்க எனக்கு எதுக்கு?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சும்மா இருங்க. சடக்குல போறவன் வர்றவன் நாலு பேரு பார்ப்பான். நொண்டிக்கிட்டுப் போறாள்னு சிரிப்பான்."

"அண்ணே, பக்கத்துல நான் நடக்கிறேன்ல? என் உடம்பைப் பார்த்து முடிக்கவே அவங்களுக்குப் பகல் போதாது."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பீபி அம்மாவைத் தெருவுக்கு இறக்கிவிட்டார்.

அன்று தெங்கேரா கடற்கரை வரைக்கும்தான் போனோம். எனக்கு அது நடையே அல்ல. அம்மா முதலில் சுவரோரமாக, புடவையை இழுத்து இழுத்துக் காலை மறைத்துக்கொண்டு நடந்தார். யாராவது எதிரே வந்தால் நின்றுவிடுவார். பீபி பத்தடி பின்னால். அம்மா ஓர் எட்டு வைத்தால் அவர் முக்கால் எட்டு வைத்தார். அம்மா நின்றால் அவர் நின்று, கொஞ்சம் பின்னாலும் போனார் என்றே சொல்ல வேண்டும். வழியிலிருந்த தேவாலயத்தைத் தாண்டியதும் அம்மா திரும்பிப் பார்த்தார். பீபி ரொம்பத் தூரத்தில் ஒரு வேலியில் பூத்திருந்த செம்பருத்தியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சீக்கிரம் வாங்க பீபி," என்று அம்மா கூப்பிட்டார்.

அம்மா தன் வாழ்க்கையில் இன்னொருவரைப் பார்த்துச் சீக்கிரம் வா என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சொன்ன பிறகு புடவையை இழுக்க மறந்துவிட்டார். கடற்கரையில் அலை காலில் படும்படி நின்றார், இரண்டு காலிலும்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு வடிவம் வந்தது. திங்கள், செவ்வாயில் அம்மா போன ஞாயிறைப் பற்றிப் பேசுவார். புதனன்று, நடைக்குக் கட்டும் பழுப்புக் கரைப் புடவையை மட்டும் தனியாகத் துவைத்து மடிப்பார். வியாழனிலிருந்து வரப்போகிற ஞாயிறு. புக்கிட் சீனாவின் பாதி வரை ஏறினார், பிறகு முக்கால். இரண்டு எட்டுக்கு ஒரு தரம் பீபி பின்னாலிருந்து "சிகிட் லாகி, சிகிட் லாகி," இன்னும் கொஞ்சம்தான், என்பார். அது எப்போதும் பொய்யாகவே இருக்கும்.

தஞ்சோங் துவானுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். வரைபடத்தில் அது ஒரு வேடிக்கை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காட்டு முனை. மேலே கலங்கரை விளக்கம். இடம் மலாக்காவுக்குச் சொந்தம், ஆனால் நிலத்தில் சுற்றிலும் நெகிரி செம்பிலான். நம் மாநிலத்துக்குப் போகவே அடுத்த மாநிலத்தைத் தாண்டிப் போக வேண்டும். அடிவாரத்திலிருந்து விளக்கு வரைக்கும் காட்டுக்குள் நல்ல பாதை, சுலபமான ஏற்றம், மெதுவாக ஏறினாலும் ஒரு மணி நேரம் போதும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காய்கறி ஏற்றும் ஒரு சீனரின் லோரியை நாள் வாடகைக்குப் பேசினோம்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தெங்கேரா, புக்கிட் சீனாவெல்லாம் சரி. முடியலைன்னா ரிக்‌ஷாவில ஏத்திட்டு வரலாம். காட்டுக்குள்ள உக்காந்துட்டா யார் தூக்கறது? ஊர் பார்க்க நாலு பேர் தூக்கிட்டு வர்றதா?"

"பாதை நல்லாயிருக்குப்பா."

"பாதைக்கா யானைக்கால்?" என்றார். சுருட்டைப் பற்ற வைத்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணு செய்யலாம். மேல வரைக்கும் தன் காலால ஏறி இறங்கிட்டா, இனிமே எங்க போனாலும் நான் கேக்க மாட்டேன். பாதியில உக்காந்துட்டா, இந்த ஞாயித்துக்கிழமை கூத்தெல்லாம் அதோட சரி. வீட்டோட இருக்கட்டும்."

அடுப்படியிலிருந்து அம்மா, "சரி," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

கிளம்பும் நாள் காலையில் பீபி லோரியில் ஏற்றியதைப் பார்த்து டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாண வீட்டு அண்டா ஒன்று நிறைய நாசி லெமாக், தேங்காய்ப் பால் சோறு. மீன் பிண்டாங் குழம்பு ஒரு சட்டி. மிளகாய்ச் சம்பால், அவித்த முட்டை, வாழையிலைக் கட்டு. நாங்கள் பதினைந்து பேருக்கு மேல் இல்லை.

"யாருக்கு பீபி இவ்வளவு?"

"புது இடத்துக்குப் போறோம். அந்த இடத்துல கண்ணுக்குத் தெரியாம இருக்கிற பெரியவங்களுக்கு முதல்ல வைக்கணும். மிச்சம்தான் நமக்கு."

லூபோக் சீனா ஊரைத் தாண்டி எல்லைப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் கைகாட்டியது. கோப்பரல் ஒருவர் லோரிக்குப் பின்னால் வந்து அண்டாவின் மூடியைத் திறந்தார். தேங்காய்ப் பால் வாசனை சாலையெல்லாம் பரவியது.

"இது என்ன?"

"நாசி," என்றார் பீபி.

"நாசி என்று தெரிகிறது. எங்கே கொண்டுபோகிறீர்கள்?"

"காட்டுக்கு."

கோப்பரல் மூடியைத் திரும்ப வைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் கறுப்புப் பகுதி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக் கூடாதென்று அங்கே ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். நாங்களோ ஓர் அண்டா சோற்றை ஏற்றிக்கொண்டு, காட்டுக்குப் போகிறோம் என்று போலீஸிடமே சொல்லிவிட்டோம். சட்டம் தளர்ந்த ஊரில் இருந்து இருந்து, பக்கத்தில் அது தளரவில்லை என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் படித்துவைத்திருந்த எனக்கும்தான்.

"திரும்பிப் போங்கள்," என்றார் கோப்பரல். "அல்லது சோற்றை இங்கே கொட்டிவிட்டுப் போங்கள்."

அம்மா என்னைப் பார்த்தார். திரும்பினால் ஏறாமல் வந்ததாகத்தான் ஆகும்.

பீபி லோரியிலிருந்து மெதுவாக இறங்கினார். "மகனே, சோத்தைக் கொட்டினா பாவம். வயித்துல வச்சுக்கிட்டுப் பாலத்தைத் தாண்டினா?"

கோப்பரல் மீசையைத் தடவினார். "வயிற்றைச் சோதிக்க எனக்கு உத்தரவு இல்லை."

காலை பத்து மணி. சாலையோர மழைமரத்தின் கீழே இலை விரித்து எல்லோரும் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட உட்கார்ந்தோம். வீட்டில் பசியாறிவிட்டு வந்தவர்கள். பீபி முதலில் ஒரு சிறிய இலையில் கொஞ்சம் சோறும் மீனும் வைத்து மரத்தடியில் வைத்தார்.

"அது யாருக்கு?" என்று கோப்பரல் கேட்டார்.

"இந்த இடத்துக்காரருக்கு."

"அவரிடம் அடையாள அட்டை இருக்கிறதா?"

"உன்கிட்ட மட்டும் காட்டச் சொல்றேன்," என்றார் பீபி. கோப்பரல் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மணி படுத்துவிட்டான். டிரைவர் சாப்பிட்டார். வழியில் போன மாட்டு வண்டிக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அப்படியும் அண்டாவின் அடியில் நிறைய மிச்சம். எல்லோரும் போதும் என்று எழுந்த பிறகு, கடைசியாக உட்கார்ந்த பீபி அதை முழுதும் வழித்துச் சாப்பிட்டார். கோப்பரல் வந்து காலி அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி வழிவிட்டார்.

இதில் இரண்டு மணி நேரம் போயிற்று. அடிவாரத்துக்கு வந்தபோது உச்சி வெயில். விளக்கின் காவலர் ஞாயிறுகளில் ஆட்களை வேலிக்குள் விடுவார், மூன்று மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார் என்று அங்கே இருந்த கடைக்காரர் சொன்னார்.

பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், இடைவெளியில் திடீரென்று கடல். வயிற்றில் நாசி லெமாக்கைச் சுமந்துகொண்டு அதில் ஏறுவது நான் நினைத்த சுலபமாக இல்லை. மணியும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். அம்மா துணி சுற்றிய பெரிய காலை முதலில் வைத்து, முழங்காலில் கையூன்றி, அடுத்த காலை இழுத்துச் சேர்த்து ஏறினார். நெற்றி வியர்வை மூக்கில் சொட்டியது. நான் பக்கத்தில். பீபி பின்னால். செருப்பு வார் ஒரு தடவை கழன்றது. கொண்டை ஊசி ஒரு தடவை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா நின்று காலை உதறிக்கொண்டார்.

மூன்றாவது வளைவுக்கு மேல் பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பினோம். பீபி ஒரு மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தார். குடை பாதையில் கிடந்தது. வாய் திறந்திருந்தது. செருப்பு, ஊசி, எறும்பு என்று எந்தக் காரணமும் சொல்லவில்லை. அதிலிருந்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன செய்யுது பீபி?"

"ஒண்ணுமில்ல. நாசி கூடிப்போச்சு." தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொஞ்சம் தெளிந்து சிரித்தார். "நீ போ தங்கச்சி. பூட்டிடுவாங்க."

"நீங்க?"

"எப்பவும் போலத்தான். பின்னால வர்றேன்."

அம்மா அசையவில்லை. "போன்னா போ," என்று பீபி அதட்டினார். "நீ இங்க உக்காந்தா உன் வீட்டுக்காரர் ஜெயிச்சிடுவார். தம்பி, கூட்டிட்டுப் போ."

அம்மா போனார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசி வளைவில் மரங்கள் விலகி வெள்ளைச் சுவரும் விளக்கும் தெரிந்தன. வேலிக் கதவுக்குள் அம்மா கால் வைத்ததும் நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். மணி வாயில் விரல் வைத்து விசிலடித்தான்.

அம்மா நேரே கைப்பிடிச் சுவருக்குப் போனார். கீழே கடல், வெயிலில் தகடு மாதிரி. தலைக்கு மேல் பருந்துகள், ஒன்றிரண்டு அல்ல, கூட்டம் கூட்டமாகக் கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன. இந்த மாசத்தில்தான் அப்படி வரும், கடலைத் தாண்டி வருகின்றன என்று காவலர் சொன்னார். அவர் ஒரு வயதான மலாய்க்காரர்.

"அதோ கோடு மாதிரி தெரியுதே, அது என்ன?" என்று அம்மா கேட்டார்.

"சுமத்ரா."

"அது வேற நாடா?"

"வேறு நாடு."

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம இடத்துல நின்னா வேற நாடு தெரியுது," என்றார், தனக்குள்ளேயே.

நான் பருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் சாவிக்கொத்தை எடுத்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார். திரும்பினால் அம்மா இல்லை. சுவரோரம் இல்லை, நிழலில் இல்லை, வேலிக்குள் எங்கும் இல்லை. கதவைத் தாண்டி ஓடினேன். இரண்டு வளைவு இறங்கியதும் குரல் கேட்டது.

"எந்திரிங்க பீபி. வேர்ல உக்காரவா அண்டா நிறைய சமைச்சுக் கொண்டாந்தீங்க?"

"நீ மேல போயிட்டியா இல்லையா?"

"போயிட்டேன்."

"என்ன தெரியுது?"

"சொல்ல மாட்டேன். வந்து பாருங்க."

பீபி கையூன்றி எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஒதுங்கி நின்று அம்மாவுக்கு வழிவிட்டார். அம்மா நகரவில்லை.

"நட தங்கச்சி."

"நீங்க நடங்க. நான் பின்னால வர்றேன்."

"நான்தான் பின்னால வருவேன்."

"இன்னைக்கு இல்ல."

பீபி குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தார். அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த துணியை முழுக்கப் பிரித்து, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். பீபி கொண்டை ஊசியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு கூந்தலை அவிழ்த்தார். அம்மா பாதிச் சுற்றிய துணியை மறுபடி பிரித்தார்.

"பூட்டப் போறாங்க," என்று நான் கெஞ்சினேன்.

பீபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஊசி வாயிலிருந்து விழுந்தது. "உங்கம்மா பொல்லாதவ," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு முன்னால் நடந்தார். அம்மா அவருக்குப் பின்னால், அவரைவிட ஓர் இழை மெதுவாக. பீபி மூச்சு வாங்க நிற்கப் போகும்போது, அதற்கு ஒரு நொடி முன்னால் அம்மாவின் காலில் துணி தளர்ந்துவிடும்.

ஒரு வளைவில் பீபி திரும்பி, "சீக்கிரம் வா தங்கச்சி," என்றார்.

"வர்றேன் வர்றேன். நீங்க நடங்க."

காவலர் கதவில் ஒரு கையும் பூட்டில் ஒரு கையுமாக நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் பூட்டை இறக்கினார். பீபி உள்ளே போனார். பிறகு நான்.

"இன்னும் யாராவது வருகிறார்களா?" என்று காவலர் பாதையை எட்டிப் பார்த்தார்.

"யாரும் இல்ல," என்றார் அம்மா, உள்ளே வந்துகொண்டே. "நான்தான் கடைசி."

அவ்வளவு பெருமையாக அம்மா எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. பீபி சுவரைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ, காவலர் சாவியை ஆட்டவே இல்லை.

லோரி காஜா பேராங்குக்குத் திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். எங்கள் சந்து முனையில் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை. நான் முதலில் குதித்து இறங்கினேன். அவர் லோரியின் பின்பக்கத்தையே பார்த்தார். அங்கே எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா இன்னும் இறங்கவில்லை.

"என்னடா, தூக்கிட்டு வந்தீங்களா?"

"இல்லப்பா."

"மேல வரைக்கும் ஏறினாளா?"

"ஏறினாங்க."

"பொய் சொல்லாதே. நிஜமா ஏறினாளா?"

"ரெண்டு தடவை," என்றேன்.